ஒரு ஜாடி, 14 மணி நேரம்: வீட்டில் கோல்ட் ப்ரூ

ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் இறங்கும் எவர்சில்வர் சல்லடைக் குழாய், சிலிகான் வளையம் வைத்த மூடி. கோல்ட் ப்ரூ மேக்கர் என்று விற்பது இந்த மூன்றும் சேர்ந்த செட்டைத்தான். பிளக் கிடையாது, பட்டன் கிடையாது. ஒரு லிட்டர் பிடிக்கும் ஜாடிக்கு 1,150 ரூபாய் கொடுத்தேன். ஏப்ரல் தொடங்கி ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று முறையாவது இதில் காபி போட்டுப் பார்த்தேன்.

சூடாக இறக்கிய டிகாக்‌ஷனில் ஐஸ் போட்டால் அது ஐஸ் காபி. கோல்ட் ப்ரூ வேறு. இதில் வெந்நீருக்கே இடமில்லை. பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். அமெரிக்காவில் டாட் சிம்ப்சன் என்ற கெமிக்கல் இன்ஜினியர் 1964இல் இதற்கென்றே ‘டாடி’ என்ற கருவியை உருவாக்கினார். ஜப்பானின் ஹாரியோ நிறுவனம் ‘மிசுதாஷி’ என்ற பெயரில் சல்லடை வைத்த கண்ணாடி ஜாடி விற்கிறது. நான் வாங்கியது அதே அமைப்பில் வரும் வேறொரு ஜாடி.

வீட்டுப் பொடியில் முதல் சோதனை

முதல் நாள் டப்பாவில் இருந்த பில்டர் பொடியையே போட்டேன். 20 சதவீதம் சிக்கரி கலந்தது. 80 கிராம் பொடி, ஒரு லிட்டர் தண்ணீர். இரவு எட்டு மணிக்கு பிரிட்ஜில் வைத்துக் காலை பத்து மணிக்கு எடுத்தேன். காபி கலங்கலாக இருந்தது. சல்லடைக் கண்களில் பொடி அப்பிக்கொண்டதால் குழாயைத் தூக்கியபோது தண்ணீர் வடியவே இல்லை. டம்ளரில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்தால் அடியில் விரல் கனத்துக்கு வண்டல்.

குறை ஜாடியில் இல்லை, பொடியில்தான். பில்டர் பொடியை நைசாக அரைப்பதற்குக் காரணம் உண்டு. வெந்நீர் அதன் வழியாக மெதுவாக இறங்க வேண்டும், அந்தக் கொஞ்ச நேரத்திலேயே சாரம் முழுதும் இறங்கிவிட வேண்டும். 14 மணி நேரம் ஊறும் காபிக்கு அந்த நைஸ் தேவையில்லை. சிக்கரியும் குளிர்ந்த தண்ணீரிலேயே சுலபமாகக் கரைந்துவிடும். அன்று என் நாக்கில் முதலில் பட்டது சிக்கரியின் கசப்புதான், காபி அதற்குப் பின்னால் எங்கோ இருந்தது.

அரவைக் கடையில்

மறுநாள் வழக்கமாகப் பொடி வாங்கும் கடைக்குப் போனேன். பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, சிக்கரி வேண்டாம், கோதுமை ரவை பதத்தில் அரைத்துக் கொடுங்கள் என்றேன்.

“பில்டர்ல போட்டா வெறும் தண்ணியாத்தான் இறங்கும் சார்” என்றார் கடைக்காரர்.

“பில்டருக்கு இல்லண்ணே, ராத்திரி முழுக்க ஊறப்போட.”

மெஷினின் திருகைத் தளர்த்தி, ஒரு பிடி அரைத்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். விரலால் தேய்த்தால் நறநறவென்றது. அந்தப் பதம்தான்.

இரண்டாம் சோதனை

அதே 80 கிராம், அதே ஒரு லிட்டர், அதே 14 மணி நேரம். பொடி மேல் தண்ணீரை மடமடவென்று ஊற்றக் கூடாது. மேல்பொடி மிதந்து கட்டிக்கொள்ளும், நடுவில் இருப்பது காய்ந்தபடியே கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டிக் காம்பால் ஒரு கிளறு கிளறினால் போதும். அப்போது ஜாடியைப் பக்கவாட்டில் பாருங்கள். சல்லடையிலிருந்து பழுப்பு நூல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கும். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் முழுதும் தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

காலையில் கிடைத்தது தெளிவான காபி. சர்க்கரை இல்லாமலே குடிக்க முடிந்தது. நாக்கின் ஓரத்தில் உறைக்கும் புளிப்பு இல்லை, தொண்டையில் நிற்கும் கசப்பும் இல்லை. வறுத்த கொட்டையின் இயல்பான இனிப்பு மேலே வந்திருந்தது. சூடான தண்ணீர் சில நிமிடங்களில் இழுத்துவிடும் கசப்புப் பொருட்கள் பல குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை. ஆனால் டிகாக்‌ஷன் இறங்கும்போது கூடம் வரை வரும் அந்த மணம் இதில் கிடைக்காது. அந்த மணத்துக்காகவே காபி குடிப்பவர்களுக்கு இது மாற்றாகாது.

நேரத்தையும் மாற்றிப் பார்த்தேன். எட்டு மணி நேரத்தில் எடுத்தது நீர்த்திருந்தது. இருபது மணி நேரம் விட்டதில் ஒரு கட்டை வாசம். எங்கள் வீட்டு பிரிட்ஜுக்கு 14 மணி நேரம் சரி.

வயிறும் காஃபீனும்

கோல்ட் ப்ரூவில் அமிலமே இல்லை, நெஞ்செரிச்சல் வராது என்று சொல்லி விற்கிறார்கள். நம்பி ஏமாற வேண்டாம். பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் சூடான காபி, குளிர்ந்த காபி இரண்டின் பிஹெச் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே, 4.85 முதல் 5.13 வரை, இருந்தது. மொத்த அமிலப் பொருட்கள் மட்டும் சூடான காபியில் சற்றுக் கூடுதல். காஃபீனும் ஊறும் நேரத்தில் தாராளமாக இறங்கிவிடும். கசப்பில்லையே என்று மூன்று டம்ளர் குடித்தால் இரவு தூக்கம் போய்விடும்.

பாலோடு வேண்டுமென்றால்

80 கிராம் கணக்கு பாலில்லாமல் குடிக்க. பால் சேர்ப்பவர்கள் 100 கிராம் பொடிக்கு அரை லிட்டர் தண்ணீர் வைத்தால் கள்ளிச்சொட்டாக வரும். அதில் பாதி டம்ளர், காய்ச்சி ஆறவைத்துக் குளிர்ந்த பால் பாதி டம்ளர். பால் கலந்ததை அன்றே குடித்துவிட வேண்டும். கலக்காத காபியை மூடி பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இதில் சூடே படுவதில்லை என்பதால் ஜாடி சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீரும் கொதித்து ஆறியதாக இருப்பது நல்லது.

குறைகள்

பொடிச் செலவு அதிகம். ஊறிய பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் ஊற்றினால் எனக்குக் கிடைப்பது 840 மில்லி, நான்கு டம்ளர்தான். எங்கள் வீட்டு பில்டர் காபிக்கு ஆவதைப் போல டம்ளருக்கு இரண்டு பங்கு பொடி. ஜாடி உயரமானது, பிரிட்ஜின் கதவுத் தட்டில் மட்டுமே நிற்கிறது. சல்லடையை உடனே கழுவாவிட்டால் கண்கள் அடைத்துக்கொள்ளும். சிலிகான் வளையத்தில் பழைய காபி வாடை தங்குகிறது. வாரம் ஒருமுறை ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும்.

வாங்கலாமா?

வாரத்துக்கு இரண்டு முறையாவது போடுவீர்கள் என்றால் வாங்கலாம். வடிகட்டும் வேலை குழாயைத் தூக்குவதோடு முடிந்துவிடுகிறது, கொடுத்த காசு அதற்குத்தான். முதல்முறை முயல்பவர்கள் எதுவும் வாங்க வேண்டாம். எவர்சில்வர் தூக்கில் ஊறப்போட்டு, பில்டரின் மேல் பாத்திரத்தில் வெள்ளைத் துணி விரித்து வடித்துப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தேன், ருசியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பொடி மாறினால் மட்டும் எல்லாமே மாறிவிடுகிறது. 1,150 ரூபாயை எடுக்கும் முன் அரவைக் கடைக்குப் போங்கள்.

எங்கள் கடைக்கார அண்ணன் இப்போது என்னைப் பார்த்ததும், மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்: “பில்டருக்கா, ஊறப்போடவா?”