வரப்பில் வைத்த பந்தி

சம்பா நடவு முடிந்த காவிரிப் படுகையில் எல்லோரும் பயிரைத்தான் பார்ப்பார்கள். என் கண் முதலில் வரப்புக்குப் போகும். அண்டை கழித்து, சேறு பூசி, ஈரம் காய்வதற்குள் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றியிருந்தால் அந்த வயல்காரர் கைகாரர். அவர் வயலை நிதானமாக நின்று பார்க்கலாம்.

தட்டைப்பயறு தழைத்ததும் அசுவினி வந்து தண்டில் அப்பிக்கொள்ளும். பதற வேண்டியதில்லை. அது நெல்லைத் தொடாது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுதான் நெல்லுக்குள் இறங்கி, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியையும் தேடும். பகையின் பகைக்கு வரப்பில் பந்தி வைப்பதுதான் இந்தக் கலை. நடுநடுவே எள்ளும் செண்டுமல்லியும் பூத்தால் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும். டிரைக்கோகிரம்மா என்ற குளவி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே அது தன் முட்டையை வைத்துவிடும். பிறகு அதிலிருந்து புழு வராது, குளவிதான் வரும்.

குருத்துப்பூச்சி, நாற்றின் இலை நுனிப் பக்கம் முட்டையிட்டு, பழுப்பு ரோமத்தால் மூடி வைக்கும். நாற்று முடியை எடுத்து நுனியைக் கிள்ளிவிட்டு நடும் பெண்களின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு சொட்டு மருந்தில்லாமல் ஒரு தலைமுறைப் பூச்சி அங்கேயே கழிந்துபோகிறது. இந்த வித்தையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

வயலுக்குள் சிலந்திகள் இருக்கின்றன. தண்டின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டி ஓடும் ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது. புகையானை ஓடிப் பிடித்துத் தின்னும். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இதுதான். பிறகு புகையானைக் கேட்பாரில்லை. இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு, 1986இல் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடை செய்தது. யூரியாவை அள்ளி வீசி பயிரைக் கரும்பச்சையாக்குவதும் எனக்கு அழகாகப் படவில்லை. இலைச்சுருட்டுப்புழுவுக்கும் புகையானுக்கும் பிடித்த நிறம் அது.

ஒரு சிக்கலும் உண்டு. பூவுக்கு இடம் வேண்டுமென்று வரப்பை அகலமாக்கினால் எலி வளை தோண்டிவிடும். குறுக்கினால் பயறுக்கு இடமில்லை. நல்ல கைகாரர், வயலுக்குள் ஓடும் வரப்புகளை ஒடுக்கமாகவே வைத்து, வெளி வரப்பில் மட்டும் பயறையும் பூவையும் வைப்பார். எலிக்கு ஆந்தை வரட்டுமென்று தென்னை மட்டைகளை ஆங்காங்கே நட்டுவைப்பார். பகலில் அதே மட்டைமேல் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் மட்டைகளை மறக்காமல் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகளும் அதிலேயே வந்து உட்காரும்.