திருமுறைத் தொகுப்பும் மறைத்தகுதியும்

சைவர் ஓதும் திருப்பாடல்கள் எக்காலத்து, யாரால், திருமுறை என்னும் மறைத்தகுதி எய்தின என்பது ஆராயற்பாலது. தில்லையிற் செல்லரித்துக் கிடந்த ஏடுகளைச் சோழ வேந்தன் வேண்டுகோளின்படி நம்பியாண்டார் நம்பி வெளிப்படுத்தித் தொகுத்தனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். இதுகொண்டு, அரசன் ஆணையே இவற்றை மறையாக்கிற்று என்பார் ஒரு சாரார். தொகையும் வகையும் அன்றே முற்றுப்பெற்றன என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் சான்றொடு பொருந்தா.

9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டே திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. முதல் இராசராசன் அரியணை ஏறியதோ 985-இல். தஞ்சைப் பெருங்கோயிலில் அவன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்தான். திருமுன்னிலையில் முன்னரே ஓதப்பெற்று வந்ததனை அவன் பெருக நிலைபெறுவித்தான் என்பதே இதனாற் பெறப்படும். ஏடு செல்லரித்த காலத்தும் ஓதுவார் நா ஓய்ந்திலது என்க.

இனி, தொகை அன்றே முற்றிற்று என்பாரை நோக்குவோம். ஒன்பதாந் திருமுறையுட் கருவூர்த்தேவர் கங்கைகொண்ட சோழேச்சரத்தைப் பாடியுள்ளார். அக்கோயில் எடுப்பித்தவன் இராசராசன் மகன் இராசேந்திரன். தந்தை நாளில் முற்றிய தொகையுள் மகன் எடுத்த கோயிற் பதிகம் புகுந்தவாறு யாங்ஙனம்? தொகுத்த நம்பியின் நூல்கள் பத்தும் பதினோராந் திருமுறையுள் உள்ளன. சேக்கிழார் புராணமோ இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்து எழுந்து பன்னிரண்டாவதாயிற்று. தொகை தலைமுறை தோறும் வளர்ந்ததென்பது வெளிப்படை. புராணம் சுட்டும் வேந்தன் எச்சோழன் என்னும் வழக்கு வேறு. அஃது ஈண்டு வேண்டா.

இங்ஙனங் கூறின் திருமுறைக்கு இழுக்காம் என அஞ்சுவாருளர். அவர் திருவிடைவாய்ப் பதிகத்தை நினைக்க. ஆளுடைய பிள்ளையார் அருளிய அது தொகையுள் இல்லை; அத்தலத்துக் கோயிற் கல்லில் வெட்டப்பட்டிருந்து 1917-இல் வெளிப்பட்டது. தொகையுட் படாமையின் அது திருமுறை அன்றெனின், தொகுத்தார் செயல் பாடினார் அருளினும் பெரிதென்றாகும். இது நம்பிக்கே உடன்பாடாகாது. திருமுறையே எனின், மறைத்தகுதி தொகுப்பினால் வந்ததன்றென ஒப்புதல் வேண்டும். ஆகலின் அதனைப் பிற்சேர்க்கை என ஒதுக்காது, பிள்ளையார் திருமுறைகளோடு ஒருங்கு வைத்து அச்சிடுதல் பதிப்பாசிரியர் கடன். ஏனைப் பதிகங்களோடொப்ப ஓதுதல் ஓதுவார் கடன்.