அரை மாத்திரையும் ஆறு விநாடியும்

ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பற்றிப் பேச்சு வந்தால் வெட்டுவது, ஒட்டுவது, இரைச்சல் நீக்குவது என்றுதான் பேசுகிறோம். ப்ளே பொத்தானைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், இதில் பேச என்ன இருக்கு என்று தோணும். என் கட்சி வேறு. வெட்டுவது கைதான், ஆனால் எதை வெட்டலாம் என்று தீர்ப்புச் சொல்வது காது. அந்தக் காதுக்கு எதை, எங்கிருந்து, எவ்வளவு நேரம், என்ன வேகத்தில் கொடுக்கிறோம் என்பதை முடிவு செய்வது ப்ளே பொத்தானும் அதைச் சுற்றியிருக்கிற மற்ற பொத்தான்களும். சாட்சியை எப்படி விசாரிக்கிறோமோ அப்படித்தானே தீர்ப்பும் வரும்?

தென்காசிப் பக்கத்தை வைத்து இதைப் பேசுவது வசதி. இங்கே பதிவு செய்ய வேண்டிய பாட்டும் நிறைய, பாட்டை மூடுகிற இரைச்சலும் நிறைய. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு இன்னும் நடக்கிறது. இரவு முழுக்க நீளும் பாட்டை யாரோ ஒருவர் போனில் பிடித்துவைக்கிறார். பல நேரம் அந்த நிகழ்ச்சிக்கு அது ஒன்றுதான் பதிவு. பிறகு அதைச் 'சுத்தம் பண்ண' கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். காசில்லாமல் கிடைப்பதால் பெரும்பாலும் ஆடாசிட்டி. டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2000இல் வெளிவந்த மென்பொருள். நான் கீழே சொல்கிற விசைகளும் அளவுகளும் அதன் 3ஆம் வரிசைப் பதிப்புகளில் இருப்பவை.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணாவி வேகமாகப் பாடும் இடத்தில் சொல் பிடிபடவில்லை. எழுதி எடுப்பவர் என்ன செய்வார்? வேகத்தைப் பாதியாக்கிக் கேட்பார். ஆடாசிட்டியில் 'ப்ளே அட் ஸ்பீடு' என்று தனியாக ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. பழைய டேப்பை மெதுவாக ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும் ஆகும்: வேகத்தோடு சுருதியும் இறங்கும். சரிபாதி வேகம் என்றால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. சுருதி மாறாமல் மெதுவாக்க 'சேஞ்ச் டெம்போ' இருக்கிறது. ஆனால் அதில் குடத்து அடியும் உடுக்கை அடியும் ஓரம் மழுங்கி, இரட்டை அடி மாதிரி கேட்கும். ஒன்றில் குரல் மாறுகிறது, இன்னொன்றில் தாளம் கலங்குகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று தமிழுக்கென்றே இருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்பதே கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, 'பாட்டு', 'காடு' என்ற சொற்களின் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு அரை. பாதி வேகத்தில் ஓட்டினால் அரை மாத்திரை காதுக்கு ஒரு மாத்திரையாக விழுகிறது. ஒட்டியும் ஒட்டாமலும் அண்ணாவி விட்டுப்போன உகரம், அழுத்தி உச்சரித்த முழு உகரமாகக் கேட்கிறது. நெடிலோடு ஒப்பிட்டால் விகிதம் மாறவில்லைதான். ஆனால் நம் காது விகிதத்தை மட்டுமா கேட்கிறது? பழக்கப்பட்ட பேச்சின் அளவை வைத்துத்தானே குறில், நெடில், குற்றுகரம் எல்லாம் பிரிக்கிறது! ஆகவே மெதுவாகக் கேட்டு எழுதிய வரி, கடைசியில் ஒருமுறை முழு வேகத்தில் சரிபார்க்கப்படாவிட்டால் அதன் ஓசையை நம்பக்கூடாது.

மெதுவாகக் கேட்பதே கூடாது என்று சொல்லவில்லை. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி வாசிப்பவர் சுருதியை எப்படி வளைக்கிறார் என்பது பாதி வேகத்தில்தான் தெளிவாக விளங்கும். கருவிக்கு நல்லது சொல்லுக்கு ஆகாது. அவ்வளவுதான்.

அடுத்தது லூப். பிடிபடாத ஒரு வரியைத் தேர்ந்து திரும்பத் திரும்ப ஓடவிடுவது. எழுதி எடுப்பவர்களுக்கு இதைவிடப் பழகிய விசை கிடையாது. இந்த விசை காதை என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. இசை உளவியல் ஆய்வாளர் டயானா டாய்ச் 1995இல் தன் சொந்தப் பேச்சுப் பதிவைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு சிறு தொடரை லூப்பில் ஓடவிட்டபோது, சில சுற்றுகளில் பேச்சு பாட்டாக மாறிவிட்டது. பதிவில் ஒரு புள்ளி மாறவில்லை, மாறியது கேட்கும் விதம் மட்டும். பிறகு முழு வாக்கியத்தையும் கேட்டாலும், மற்றதெல்லாம் பேச்சாகவும் அந்தத் தொடர் மட்டும் பாட்டாகவும் ஒலித்தது.

இதை வில்லுப்பாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். வில்லுப்பாட்டில் பாட்டும் உண்டு, வசனமும் உண்டு, இரண்டுக்கும் நடுவே இழுத்துச் சொல்லுகிற ஒரு நடையும் உண்டு. அண்ணாவி எந்த இடத்தில் பேச்சை விட்டுப் பாட்டுக்கு ஏறுகிறார் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. அந்த எல்லையை லூப்பில் வைத்துத் தீர்மானித்தால், பதினைந்தாவது சுற்றில் எல்லாமே பாட்டுதான். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரி மாவட்ட வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் 'சிங்கிங் ஆஃப் பர்த் அண்ட் டெத்' நூலை வெளியிட்டார். எழுதிவைத்த ஏட்டுக்கும் நிகழ்த்தும் பாட்டுக்கும் உள்ள உறவுதான் அதன் விஷயம். ஏட்டில் இல்லாத அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்கத்தானே நாம் பதிவுக்குப் போகிறோம்? லூப் அதையே அழித்துவிட்டால் அப்புறம் பதிவு எதற்கு?

மூன்றாவது, முன்னோட்டம். ஆடாசிட்டியில் எந்த எஃபெக்டைத் திறந்தாலும் 'ப்ரிவ்யூ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் இயல்பாக 6 விநாடி கேட்கலாம். விருப்பத் தேர்வுகளில் போய் நீட்டிக்கொள்ளலாம், ஆனால் எத்தனை பேர் போகிறார்கள்? மணிக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக ஏறி, சாமியாட்டத்தில் உச்சம் தொடும் பாட்டைப் பற்றி 6 விநாடியில் தீர்ப்பு. பின்பாட்டுக்காரர் போடும் 'ஆமா' அந்த 6 விநாடியில் தேவையில்லாத குறுக்கீடாகத்தான் கேட்கும். வரி திரும்ப வருவது வெறும் கூறியது கூறல். குடமும் தாளமும் நின்று கூட்டம் மூச்சைப் பிடித்திருக்கும் இடம் வெற்று மௌனம். 'ட்ரங்கேட் சைலன்ஸ்' என்று ஒரு எஃபெக்ட் அந்த மௌனங்களையெல்லாம் ஒரே சொடுக்கில் சுருக்கித் தந்துவிடும். நேர்காணல் ஒலிபரப்புக்கு அது உதவலாம். கொடைப் பாட்டுக்கு அது கத்தி.

இரைச்சலுக்கு வருவோம். குற்றாலத்தில் பேரருவியும் குற்றாலநாதர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சாரல் காலத்தில் அங்கே எதைப் பதிவு செய்தாலும் அருவியும் சேர்ந்தே பதிவாகும். மின்விசிறி, ஜெனரேட்டர் மாதிரி ஒரே சுருதியில் ஓடும் இரைச்சல் அல்ல இது. தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்தது வரை எல்லாவற்றிலும் பரவி நிற்கும், காற்று திரும்பினால் கூடும், குறையும். ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கி முதலில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டச் சொல்லும். அதை மாதிரியாக வைத்து ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் ஒரு அளவு குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே இருப்பதை அமுக்கும். அருவி ஒரே மாதிரி இல்லாததால் ஒரு துண்டின் மாதிரி அடுத்த நிமிடத்துக்குப் பொருந்தாது. அதிகமாக அமுக்கினால் தகரத்தில் மணி உருண்டது மாதிரி கிணுகிணுவென்று ஒரு ஒலி மிஞ்சும்.

முதலில் பலியாவது யார் தெரியுமா? சன்னமான ஒலிகள். 'ச' வின் சீறல், வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு, அப்புறம் நம்ம குற்றியலுகரம். அருவியின் அளவுக்குக் கீழே இருப்பதெல்லாம் அருவியோடு சேர்ந்து போகும்.

இந்த இரைச்சல் நீக்கியில் ஓரமாக ஒரு தேர்வு இருக்கிறது: 'ரெஸிட்யூ'. அதைத் தேர்ந்து ப்ரிவ்யூ கொடுத்தால், சுத்தமான பாட்டு கேட்காது. எதையெல்லாம் தூக்கி எறியப் போகிறோமோ அது மட்டும் கேட்கும். அதில் அருவி மட்டும் ஓடினால் நிம்மதி. அருவிக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலக் கேட்டால், பாட்டின் சதையையும் சேர்த்து அறுக்கிறோம் என்று பொருள். இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்த ஒற்றை அம்சம் இதுதான். எடுத்துவைத்ததை விட்டு, விட்டதைக் கேள் என்கிறது. ஆனால் அதை ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள், கண்ணில் பட்டாலும் எதற்கென்று புரியாத பெயரில். என் முதல் குறை இதுதான்: ப்ளே பெரிதாக இருக்கிறது, சந்தேகம் சிறிதாக இருக்கிறது.

இந்த இடத்தில் குற்றாலத்துக்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). பாட்டைக் கண்ணால் படிப்பதல்ல, காதால் கேட்பது என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர். கட்டுரைத் தொகுதிக்கே 'இதய ஒலி' என்று பெயர் வைத்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலம் வந்தார்கள். ஒரு செய்யுளைத் திரும்பத் திரும்ப, நிறுத்தி, உணர்ந்து சொல்லிக்காட்டுவது அவர் முறை. எந்த இடத்தில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதை மறுபடி சொல்வது: ப்ளே, பாஸ், லூப் மூன்றும் அவர் தொண்டையிலேயே இருந்தன.

அவர் வெறுமனே கேட்டதோடு நிற்கவில்லை. வெட்டவும் செய்தார். பத்தாயிரத்துக்கு மேல் பாடல்கள் வழங்கும் கம்பராமாயணத்தில் பலவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கி, தன் காது ஏற்றவற்றை மட்டும் 'கம்பர் தரும் ராமாயணம்' என்று பதிப்பித்தார். சொற்களையும் ஓசை பார்த்துத் திருத்தினார் என்று அன்றே கண்டனம் எழுந்தது. ஏட்டுச்சுவடி என்ன சொல்கிறது என்பதைவிடக் காது என்ன சொல்கிறது என்பது அவருக்குப் பெரிது.

அந்தக் காதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. அவர் இல்லாவிட்டால் செய்யுளை உரத்துப் படிக்க எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? என் கேள்வி முறையைப் பற்றியது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல எந்தத் தொடரும் பாட்டாகும் என்பதை டாய்ச்சின் லூப் காட்டுகிறது. ஏற்றுக்கொண்ட பாடலுக்குக் கிடைத்த அத்தனை சுற்றுகள் ஒதுக்கிய பாடலுக்கும் கிடைத்தனவா? அவர் பதிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேட முடியாது. அதில் 'ரெஸிட்யூ' இல்லை. ஒதுக்கப்பட்டதைக் கேட்க வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரைப் பதிப்பு மாதிரி இன்னொன்றை எடுக்க வேண்டும்.

நல்லவேளை, கம்பனுக்கு அந்த இன்னொன்று இருக்கிறது. ஏடுகள் இருக்கின்றன, வேறு பதிப்புகள் இருக்கின்றன. டி.கே.சி. எவ்வளவு துணிந்து வெட்டினாலும் கம்பன் குறையவில்லை, நமக்கு ஒரு ரசனை கூடுதலாகக் கிடைத்தது. கொடையில் போனில் பிடித்த பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அண்ணாவிக்கு வயதாகிவிட்டது, அடுத்த கொடையில் அவர் பாடுவாரா தெரியாது. ஆடாசிட்டியில் திட்டத்தைச் சேமித்து மூடிவிட்டால், செய்த மாற்றங்களைப் படிப்படியாகத் திரும்பப் பெறும் வரலாறும் அதோடு போய்விடும். மூலக்கோப்பின் மேலேயே சுத்தம் பண்ணிய கோப்பை எழுதிவிட்டால், ரசனையும் பதிப்பும் ஏடும் எல்லாம் அந்த ஒரே கோப்புதான்.

ஆகவே வெட்ட வேண்டாம் என்பதல்ல என் வாதம். டி.கே.சி. மாதிரி வெட்டுங்கள், ஆனால் அவர் வைக்காததையும் வையுங்கள். மூலக்கோப்புக்குப் பிரதி எடுத்துத் தனியாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெட்டுவதற்கு முன் அந்தப் பகுதியைத் தேர்ந்து 'சி' விசையை அழுத்துங்கள். அதற்கு 2 விநாடி முன்னால் தொடங்கி, தேர்ந்த பகுதியைத் தாண்டி, 1 விநாடி பின்னால் வரை ஓட்டிக்காட்டும். வெட்டாமலே வெட்டியது போலக் கேட்கலாம். லூப்பில் கேட்டு எழுதிய வரியை, பத்து வரி முன்னாலிருந்து ஒரே ஓட்டமாக முழு வேகத்தில் ஒருமுறை கேளுங்கள். இரைச்சல் நீக்கும் முன் ரெஸிட்யூவைக் கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் புது மென்பொருள் தேவையில்லை, பொறுமை தேவை.

ஆறு விநாடிக்குள் தெரிந்துவிடுகிற குறைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஒயர் கரகரப்பு, மைக்கில் கை பட்ட சத்தம், இவற்றை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பாட்டின் குறை என்று நாம் நினைப்பது வேறு வகை. அது குறையா குணமா என்று தெரிய அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் கேட்கச் சொல்கிறதோ அவ்வளவு நேரம் உட்கார வேண்டும். விடிய விடியப் பாடியவரைக் கேட்க ஒரு ராத்திரியாவது ஆகுமில்லையா?