திறந்த கதவு யார் வீட்டுக்கு?

பழவேற்காடு என்றால் ஏரியும் இறாலும் டச்சுக் கல்லறைகளும்தான் நமக்கு ஞாபகம் வரும். அங்கே கெல்டிரியா கோட்டையில் 1632 முதல் 1642 வரை பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். டச்சுக் கம்பெனி ஆட்களுக்குப் பிரசங்கம் செய்வது அவர் வேலை. அவர் இறந்தபின், 1651-ல் லைடனில் வெளியானது 'மறைந்திருக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு' என்ற அவருடைய நூல்.

நூலின் பலம், தகவல் சொன்ன பத்மநாபன் என்ற பிராமணரின் பெயரை அது மறைக்காததுதான். இருவரும் பேசிக்கொண்டது போர்த்துகீசிய மொழியில். பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்கள் ஐரோப்பாவுக்குப் போனதும் இந்தப் பேச்சு வழியாகத்தான்.

பலவீனமும் அங்கேதான் இருக்கு. சோழமண்டலக் கரைப் பிராமணர்களின் வாழ்வும் சமயமும் என்று துணைத்தலைப்பே சொல்லிவிடுகிறது. அப்புறம் மொத்தப் புறச்சமயத்துக்கும் கதவைத் திறந்துட்டேன்னு மேலே தலைப்பு போட்டா எப்படி? ஒரே யூசரிடம் பேசிவிட்டு ஊருக்கே சாஃப்ட்வேர் எழுதுவது மாதிரிதான் இது.

ஏரியில் வலை வீசினவங்க கடலுக்குப் போகும் முன் யாரைக் கும்பிட்டாங்க? இதைப் பத்மநாபனிடம் கேட்டால் போதுமா? 1663-ல் ஜெர்மனிலும் 1670-ல் பிரெஞ்சிலும் நூல் வந்தது. ஐரோப்பியர் பலர் நம் சமயங்களைப் பார்த்தது இந்த ஒற்றைக் கதவு வழியாகத்தான்.

படிக்க வேண்டிய நூல்தான். துணைத்தலைப்பை முதலில் படிங்க.