நற்சான்றும் திருச்சபையின் மௌனமும்

சிறுவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடையே பணியாற்ற முன்வரும் தொண்டர்களின் முன்வரலாற்றைக் காவல்துறையின் வாயிலாக ஆராய்ந்தறியும் முறை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. திருச்சபை இதனை வரவேற்பது தகும். எனினும், குற்றப் பதிவு ஏதுமில்லை என்னும் சான்றிதழ் எதை உணர்த்துகிறது, எதை உணர்த்துவதில்லை என்பதை நாம் தெளிந்துள்ளோமா? இவ்வினாவை மனத்திற்கொண்டு, இங்கிலாந்துத் திருச்சபைக்காகக் கீத் மேக்கின் ஆக்கி, 2024 நவம்பரில் வெளியான மீளாய்வு அறிக்கையை ஈண்டு நோக்குவோம்.

அறிக்கையின் பொருள் ஜான் ஸ்மைத் இழைத்த கொடுமைகளாகும். அவர் புகழ்பெற்ற வழக்கறிஞர், குருப்பட்டம் பெறாதவர், உயர்குடிப் பள்ளி மாணவருக்கென நடந்த கிறிஸ்தவ முகாம்களில் முன்னணித் தொண்டர். பாவத்தினின்று திருத்துவதாகக் கூறி, இளைஞரைத் தம் வீட்டுக் கொட்டகையில் பிரம்பால் இரத்தம் வழிய அடித்தார். 1982-இல் குருவானவர் ஒருவர் இதனை விசாரித்து எழுத்தில் வடித்தார். அவ்வெழுத்து ஒரு சிலர் கைக்கே சென்றது, காவல்துறைக்குச் செல்லவில்லை. செய்தி வெளிப்படின் நற்செய்திப் பணிக்கு ஊறு நேரும் என்று அவர்கள் அஞ்சினர். 1984-இல் ஸ்மைத் ஜிம்பாப்வேயில் குடியேறி, அங்கும் முகாம்கள் நடத்தி, அங்கும் சிறுவரை அடித்தார். 2018-இல் தென்னாப்பிரிக்காவில் அவர் இறக்கும்வரை எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியெனத் தீர்க்கவில்லை. தண்டனைப் பதிவேட்டை எவரேனும் புரட்டியிருந்தால் வெற்றுத் தாளையே கண்டிருப்பர்.

காவல்துறையின் ஏடும் பிழைபடக்கூடும். 2002-இல் இங்கிலாந்தின் சோஹம் ஊரில் பள்ளிக் காப்பாளர் ஒருவர் சிறுமியர் இருவரைக் கொலைசெய்தார். அவர்மீது வேறொரு மாவட்டத்தில் எழுந்த முந்தைய புகார்கள் முறையாகப் பேணப்படாமையை 2004-இல் வெளியான பிச்சர்ட் அறிக்கை காட்டிற்று. அங்கே காவல்துறை தான் அறிந்ததைக் காத்து வைக்கவில்லை. இங்கே திருச்சபையார் தாம் அறிந்ததைச் சொல்லவேயில்லை. பின்னையதே நம்மை அதிகம் உறுத்த வேண்டும்.

யார், எந்த ஆண்டில், எவ்வளவு அறிந்திருந்தார் என்பதை வரிசைப்படுத்தி நிறுவுவதே மேக்கின் அறிக்கையின் தலையாய சிறப்பு. அது வெளியான சில நாட்களில் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். ஆயினும், மௌனம் எவ்வாறு பக்தியின் கோலம் பூண்டது என்னும் வினாவுக்கு ஓர் ஆய்வாளரின் பரிந்துரைகள் மட்டும் விடையாகா. அது இறையியலாருக்கு உரிய வினா.

மன்னிப்பு என்பது மறைத்தல் அன்று. சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர் அவருக்கு அஞ்சினர் (அப். 9:26, 27). அவ்வச்சத்தை அவிசுவாசமெனப் பர்னபா கடியவில்லை. சவுலைக் குறித்துத் தாம் அறிந்ததை எடுத்துரைத்தார். பவுலும் தம் பழைய வாழ்வை எந்நாளும் மறைத்தாரில்லை. ஒருவர் உண்மையில் மனந்திரும்பினாரெனினும், அவரிடம் சிறுவரை ஒப்படைக்க வேண்டும் என்னும் உரிமை அதனால் எழுவதில்லை.

நம் நாட்டிலும் சட்டம் பேசியுள்ளது. சிறுவரைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்கு அறிவிக்கக் கட்டளையிடுகிறது, குருவானவருக்கு விலக்கில்லை. 2020-ஆம் ஆண்டு விதிகள், சிறுவரோடு பழகும் நிறுவனங்கள் தம் பணியாளரின் பின்னணியைக் காவல்துறை வாயிலாகக் காலந்தோறும் சரிபார்க்கப் பணிக்கின்றன. ஆனால் ஊதியம் பெறாத தொண்டரை அவ்விதி பெயர் சுட்டிக் கூறவில்லை. நம் ஞாயிறு பள்ளி ஆசிரியரும் விடுமுறை வேதாகமப் பள்ளித் தொண்டரும் பெரும்பாலும் அத்தகையோரே. சட்டம் விட்ட இடைவெளியைத் திருச்சபை தானே முன்வந்து நிரப்புதல் வேண்டும்.

ஐயப்பட்ட ஒவ்வொருவரையும் குற்றவாளி எனத் தீர்க்குமாறு இங்கு வேண்டவில்லை; தீர்ப்பளிப்பது நம் பணியன்று, அறிவிப்பதே நம் பணி. ஒரு தொண்டர் சேகரம் மாறிச் செல்லும்போது குருவானவர் நன்னடத்தைக் கடிதம் எழுதித் தருவது நம்மிடையே பழைய வழக்கம். காவல்துறையின் சான்றிதழ் சொல்ல இயலாததைச் சொல்லத்தக்கது அக்கடிதம் ஒன்றே. அதில் கையொப்பமிடுமுன், அடுத்த சேகரத்தின் பிள்ளைகளை நாம் ஒரு கணம் நினைவுகூர வேண்டும்.