எதிராளி இல்லாத முதல் ரவுண்ட்

டாஸ் போடுவதற்கு முன்பே பிட்ச்சைக் குனிந்து பார்த்து, ஆட்டம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. விளையாட்டுப் படங்களிலும் அப்படிக் குனிந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது முதல் சில நிமிடங்கள். யார் ஜெயிப்பார் என்பது அதில் தெரியாது. சண்டை யாருக்கும் யாருக்கும் என்பது தெரிந்துவிடும். வெளிச்சம் எங்கே விழுகிறது, ஆள் ஃப்ரேமில் எந்தப் பக்கம் நிற்கிறான், எந்த நிறத்தை வேண்டாமென்று தள்ளியிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். இந்த வாரம் ஸ்கோர்கார்டுக்கு விடுமுறை. மார்ட்டின் ஸ்கார்செசி 1980-ல் எடுத்த ‘ரேஜிங் புல்’ படத்தின் டைட்டில் காட்சியை ஒரு ரவுண்டாக எண்ணி அலசிப் பார்ப்போம்.

மூன்று நிமிடம்கூட ஆகாத ஒரே காட்சி. கறுப்பு வெள்ளை. குத்துச்சண்டை ரிங்கில் ஒருவன் தனியாக, காற்றோடு குத்திப் பழகிக்கொண்டிருக்கிறான். சிறுத்தைப் புள்ளி போட்ட அங்கியின் முக்காடு முகத்தை மறைக்கிறது. ஸ்லோமோஷனில் குதிக்கிறான், திரும்புகிறான், குத்துகிறான், மறுபடி குதிக்கிறான். ரிங்குக்கு அப்பால் ஒரே புகைமூட்டம். அதற்குள் மனிதர்கள் இருப்பது நிழலாகத்தான் தெரிகிறது. எங்கிருந்தோ பத்திரிகைக்காரர்களின் ஃப்ளாஷ் பல்புகள் பளிச்சிட்டு அணைகின்றன. கேமரா அசையவே இல்லை.

இந்த முக்காட்டுக்காரன் ஜேக் லமோட்டா, நிஜ மனிதர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்து, 1949-ல் மார்செல் செர்டானை வீழ்த்தி மிடில்வெயிட் உலகச் சாம்பியன் ஆனவர். தொழில்முறையில் 106 சண்டைகள், 83 வெற்றி. சுகர் ரே ராபின்சனுடன் ஆறு முறை மோதி ஒரே ஒரு முறை ஜெயித்தார். தொழில்முறைக்கு வந்த பிறகு தோல்வியே அறியாதிருந்த ராபின்சனுக்கு 1943-ல் டெட்ராய்ட்டில் அவர் கொடுத்ததுதான் முதல் தோல்வி. குனிந்துகொண்டு, குத்து வாங்கி வாங்கியே எதிராளியின் மேல் ஏறிப்போகிற ரகம். அழகாக ஆடுபவர் என்று அவரை அந்தக் காலத்தில் யாரும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் படம் ஒரு நடனக்காரனைப் போல அறிமுகப்படுத்துகிறது. எனக்கு இது பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. ராபர்ட் டி நீரோவுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தவர் லமோட்டாவேதான். அந்த உடம்பின் பழக்கமெல்லாம் நடிகருக்கு அத்துபடி. ஆனாலும் டைட்டிலில் நாம் பார்ப்பது நிஜ லமோட்டாவின் ஆட்டத்தை இல்லை. தன்னைப் பற்றி அவர் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த படத்தை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி ஃப்ரேம். ஆள் பெரும்பாலும் இடப்பக்கமே இருக்கிறான். வலப்பக்கம் காலி. குத்துச்சண்டைப் படம் பார்த்துப் பழகிய கண் அந்தக் காலியிடத்தில் இன்னொருவனைத் தேடும். கடைசிவரை ஒருவனும் வருவதில்லை. அடுத்த இரண்டு மணி நேரக் கதை அந்தப் பாதித் திரையிலேயே முடிந்துவிட்டது: இவனுக்கு எதிராளி இவன்தான். மனைவியைச் சந்தேகப்பட்டு, தம்பியை அடித்து, கடைசியில் சிறைச் சுவரில் தன் தலையையும் கையையும் மோதிக்கொள்ளும் அந்த மனிதனைப் பின்னால் நாம் பார்க்கிறபோது அதிர்ச்சி இருக்கும், ஆச்சரியம் இருக்காது.

திரைக்கு முன்புறம் மூன்று கயிறுகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீள்கின்றன. இன்றைய தொழில்முறை ரிங்கில் நான்கு கயிறு. அந்தக் காலத்தில் மூன்று. அந்தக் கயிறுகளுக்குப் பின்னால் புள்ளி போட்ட அங்கியோடு அங்குமிங்கும் அலைகிற உருவத்தைப் பார்த்தால் மிருகக்காட்சிச் சாலை நினைவுக்கு வராமல் போகாது. அந்த அங்கி இயக்குநரின் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். லமோட்டா நிஜமாகவே சிறுத்தைப் புள்ளி அங்கி போட்டுக்கொண்டுதான் ரிங்குக்குள் இறங்குவார். இருந்ததை எடுத்துக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தியதுதான் ஸ்கார்செசியும் ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மேனும் செய்த வேலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தில் பின்னால் வரும் சண்டைகளில் கேமரா பெரும்பாலும் கயிற்றுக்கு உள்ளேதான் சுற்றுகிறது. குத்து நம் மூக்கில் விழுவது போல இருக்கும். ரிங்கின் அளவைக்கூடக் காட்சிக்குத் தக்கபடி பெரிதும் சிறிதுமாக மாற்றினார்கள். டைட்டிலில் மட்டும் நம்மை வெளியே டிக்கெட் வாங்கிய கூட்டத்தோடு உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் வேடிக்கை பார்க்க விட்டு, பிறகு பிடித்து உள்ளே இழுத்துப் போடுகிறார்கள்.

நிறத்துக்கு வருவோம். 1970-களின் கடைசியில் ஹாலிவுட்டில் குத்துச்சண்டைப் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, பெரும்பாலும் கலரில். டி நீரோ பயிற்சி எடுத்தபோது எடுத்த சோதனைப் படச்சுருளைப் பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவலுக்குப் போட்டுக் காட்டினார் ஸ்கார்செசி. கையுறையின் சிவப்பு உறுத்துகிறது என்றார் பவல். சொன்னவர் யார் என்று பாருங்கள், 1948-ல் ‘தி ரெட் ஷூஸ்’ எடுத்தவர். சிவப்பைத் திரையில் ஆண்ட மனிதரே இங்கே சிவப்பு வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும்! அந்தக் காலத்து கலர் ஃபிலிம் சில ஆண்டுகளில் சாயம் போய்விடும் என்ற கவலையும் ஸ்கார்செசிக்கு இருந்தது. அதற்காக அவர் ஃபிலிம் கம்பெனியோடு வெளிப்படையாகவே மல்லுக்கட்டினார். தவிர, 1940-களின் சண்டைகளை ஜனங்கள் பத்திரிகைப் புகைப்படத்தில் பார்த்தது கறுப்பு வெள்ளையில்தான்.

ஆக, சிவப்பு போயிற்று. ஆனால் முழுக்கப் போகவில்லை. அந்தச் சாம்பல் புகைக்கு மேலே படத்தின் பெயர் மட்டும் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கிறது. உள்ளே பின்னால் ரத்தம் எவ்வளவோ கொட்டுகிறது, எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். கலர் மறுபடி வருவது குடும்பம் எடுத்த வீட்டு வீடியோ போன்ற ஒரு துண்டில் மட்டுமே. ரத்தத்தின் நிறத்தை எழுத்துக்குக் கொடுத்துவிட்டு ரத்தத்திடமிருந்து பிடுங்கிக்கொண்ட இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வெளிச்சம் மேலிருந்தும் பின்னாலிருந்தும் வருகிறது. புகை இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் நம் கண்ணுக்கே தெரியாது. தூசியும் புகையும் இருந்தால்தான் ஒளிக்கு உடம்பு கிடைக்கும். கூட்டம் மங்கலாக இருப்பதால் ஃப்ளாஷ் பல்பு பளிச்சிடும் நொடியில்தான் அங்கே ஆட்கள் இருப்பதே உறைக்கிறது. புகழ் என்பது அவனுக்கு இப்படித்தான், விட்டுவிட்டு மின்னுகிறது. பின்னணியில் மஸ்காக்னியின் ‘கவலேரியா ருஸ்டிகானா’ இசைநாடகத்தின் இடையிசை. சிசிலி கிராமத்தில் பொறாமையால் ஒரு கொலையில் முடிகிற கதை அது. கொலைக்கு முன்னால் மேடை காலியாக இருக்கும்போது வாசிக்கப்படுவது இந்தப் பகுதி. பொறாமையால் குடும்பத்தை அழித்துக்கொண்டவனுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைப் போட முடியும்?

டைட்டில் முடிந்ததும் ஒரு கட். 1964. கோட்டு சூட்டில் தொந்தியும் தொப்பையுமாக அதே ஆள், மேடை ஏறுவதற்கு முன் அறையில் வசனம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கட், 1941. இளமையான அதே முகத்தில் ஒரு குத்து வந்து இறங்குகிறது. அந்த இடத்தில்தான் ஆட்டத்துக்கு மணி அடிக்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது 1976-ல் வந்த ‘ராக்கி’. முதலில் பெயர், திரையையே அடைத்துக்கொண்டு பிரம்மாண்டமான எழுத்தில் எக்காள இசையோடு ஓடுகிறது. பெரிய கோலாகலம் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் கண்ணில் படுவது சுவரில் வரைந்த இயேசுவின் முகம். கேமரா அங்கிருந்து கீழே இறங்கினால் சிகரெட் புகையும் அழுக்கு மஞ்சள் வெளிச்சமுமாக ஒரு மட்டமான ரிங். அங்கே இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். பிலடெல்பியா, 25 நவம்பர் 1975. மேலே கடவுள், கீழே குப்பை, நடுவில் ராக்கி. ஜெயித்ததற்கு எல்லாப் பிடித்தமும் போகக் கைக்கு வருவது 40 டாலர் 55 சென்ட். இவன் சண்டை தரித்திரத்தோடு என்பது தெரிந்துவிட்டது. தலைக்கு மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது. ஆறுதல் தருகிற படம். அந்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கரில் ஸ்கார்செசியின் ‘டாக்ஸி டிரைவரை’த் தள்ளிவிட்டு ஜெயித்ததும் இதுதான்.

ஸ்லோமோஷன் என்றாலே கடற்கரையில் வெள்ளை உடுப்போடு ஓடுகிறவர்களும் வான்ஜெலிஸ் இசையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 1981-ன் ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையில் எடுத்தது. அதற்கு முன்னால் தேவாலயத்தில் ஒரு நினைவுக் கூட்டம், கறுப்பு உடையில் முதியவர்கள். அங்கிருந்து நேராக வெள்ளைக்குப் போகிறது படம். ஓடுகிறவர்களின் முகங்களைக் கேமரா ஒவ்வொன்றாகப் பார்க்கிறது, யாரும் தனியாக இல்லை. கருவி அதே ஸ்லோமோஷன்தான். அங்கே கூட்டாளிகளின் சந்தோஷம், இங்கே ஒற்றை ஆளின் தனிமை. சொல்லப்போனால் எனக்கு அந்தக் கடற்கரை கொஞ்சம் திகட்டும். அத்தனை விளம்பரக்காரர்கள் காப்பியடித்தது அந்தப் படத்தின் குற்றமில்லைதான்.

புதிய படங்களில் ‘மணிபால்’, 2011. பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் அதன் தொடக்கம் புரியும். 2001 பிளே ஆஃப் ஆட்டத்தின் நிஜத் தொலைக்காட்சிக் காட்சிகள், நிரம்பி வழியும் ஸ்டேடியம், வெள்ளமாக வெளிச்சம். திரையில் இரண்டு அணிகளின் சம்பளக் கணக்கு: யாங்கீஸ் 11 கோடி டாலருக்கு மேல், ஓக்லண்ட் 4 கோடிக்கும் கீழே. பிறகு இருட்டில், காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக பிராட் பிட். தன் ஓக்லண்ட் அணியின் ஆட்டத்தை ரேடியோவில் போடுவதும் அணைப்பதுமாக இருக்கிறார். பணத்தின் ஏற்றத்தாழ்வை வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வாக மாற்றிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்த எண்களைத் திரையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது என்பதால் அதற்கு அரை மார்க் குறைக்கிறேன்.

‘ரேஜிங் புல்’ தன் டைட்டில் காட்சியில் பெயர்களைத் தவிர எதையும் எழுதவில்லை. எட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்று, டி நீரோவின் நடிப்புக்கும் தெல்மா ஷூன்மேக்கரின் படத்தொகுப்புக்குமாக இரண்டை வென்றது. சாப்மேனின் ஒளிப்பதிவுக்குப் பரிந்துரை வந்தது, விருது ‘டெஸ்’ படத்துக்குப் போனது. நடுவர் தீர்ப்பு என்றால் சில சமயம் அப்படித்தான். என் கணக்கில் விளையாட்டுப் படத் தொடக்கங்களில் முதலிடம் இதற்கே. ‘ராக்கி’ இரண்டு, ‘மணிபால்’ மூன்று. ஏற்காதவர்கள் அந்த டைட்டில் காட்சியை ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டு, திரையின் வலப்பக்கத்தை மட்டும் பார்த்தபடி ஓட்டிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.