பெத்தவன் அடி: ஒரு சட்டப் பிரதியை முன்வைத்து

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவு முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் ஆளில்லை. களவு, கடன், வரப்புச் சண்டை எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். போன ஆடியில் அதற்குப் பக்கத்தில் ஒரு முடியிறக்கு. ஏழெட்டு வயசுப் பையன், கத்தியைக் கண்டு திமிறினான். அப்பன் பெல்ட்டை உருவி நாலு இழுப்பு இழுத்தான். நான் கையைப் பிடித்தேன். "எம்புள்ளய நான் அடிக்கிறேன், ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" கூட நின்ற அப்பத்தா சமாதானம் சொன்னாள்: "பெத்தவன் அடிச்சா புண்ணாகாதுப்பா." பையன் முதுகு வேறு மாதிரிச் சொன்னது.

இதைக் கிராமத்து அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இதே சொல்லாடல்தான் படித்தவர்களின் சட்டத்திலும் இருக்கிறது. மெக்காலே எழுதத் தொடங்கி 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளர் 'நல்லெண்ணத்தோடு' செய்வது குற்றமாகாது என்றது. சாவும் கொடுங்காயமும் விலக்கு, பெல்ட்டுக்கு இடமுண்டு. காலனியத்தைத் துடைக்க வந்ததாகச் சொல்லப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் அதே வாசகம் 27ஆம் பிரிவு. துரை போனாலும் பிரம்பு போகவில்லை.

வாத்தியார் அடித்தால்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. பள்ளிக்கூட வாசலில் குற்றமாகும் அதே அடி, வீட்டு வாசலைத் தாண்டியதும் நல்லெண்ணமாகிவிடுகிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பொறுப்பிலிருப்பவர் செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அது பேசுவது 'தேவையற்ற' வேதனை பற்றி. அப்படியானால் தேவையான வேதனை என்று ஒன்று இருக்கிறது. அளவை அப்பன் பார்த்துக்கொள்வான். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்திலோ 'பாதிக்கப்பட்டவர்' என்றால் பெண். அம்மா அடிபடுவதைக் கதவிடுக்கில் பார்த்து நிற்கும் பையன் அவள் மனுவுக்குள் ஒரு வரியாக வந்தால் உண்டு. 1098க்குப் பேசலாம் என்கிறார்கள். போன் அப்பன் சட்டைப்பையில் அல்லவா இருக்கிறது!

உசிலம்பட்டிச் சிசுக்கொலைகள் எண்பதுகளில் வெளியே தெரிந்தபோதும் வழக்கு தாய்மார் மீதுதான் பாய்ந்தது. அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் வைத்தது. குழந்தையை வீட்டிலிருந்து எடுத்துவிடு, வீட்டைத் தொடாதே.

நாம் மட்டும் யோக்கியமா? லாக்கப் சாவு பற்றி விடிய விடியப் பேசிவிட்டு வந்து, வாய்ப்பாடு தப்பியதற்காக மகளை அடித்தவன் நான். முப்பது வயதில் அவள் அதை எடுத்தபோது, "ஒன் நல்லதுக்குத்தானம்மா" என்றேன். அப்படியே 89ஆம் பிரிவு.

"அப்பனை ஜெயிலில் போட்டால் குடும்பம் என்னாவது?" என்று தோழர்களே கேட்கிறார்கள். ஸ்வீடன் 1979இல் பெற்றோர் அடிப்பதை முதன்முதலில் தடை செய்தபோது, தண்டனைச் சட்டத்தில் அல்ல, பெற்றோருக்கான சட்டத்தில் அதை எழுதியது; அந்த வரிக்கென்று தனித் தண்டனை வைக்கவில்லை. நேபாளம் 2018இல் வீட்டையும் சேர்த்தே தடை செய்துவிட்டது. இங்கே 27ஆம் பிரிவில் 'அடி இதில் சேராது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, எனக்குத் தெரிந்து நம் எந்தக் கூட்டத்திலும் இன்னும் தீர்மானம் போடவில்லை.